சாளரமில்லாக் கப்பலறை

இரயில் நிலையத்தில் நிற்கும் வண்டிக்குள் அமர்ந்து, அடுத்த தண்டவாளத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்திருந்தவர்க்கெல்லாம் இந்த அனுபவம் வாய்த்திருக்கும். திடீரென நம் வண்டி நகரத் தொடங்கியதாகத் தோன்றும். ஒருவழியாகப் புறப்பட்டோம் என்று மனம் மகிழ்ந்து முடிப்பதற்குள் அடுத்த வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணைவிட்டு அகலும். நடைமேடைத் தூண் நின்ற இடத்திலேயே நிற்கக் காண்போம். நகர்ந்தது அது; நாமல்லோம். கண் நம்மை ஏமாற்றிவிட்டது என்கிறோம். உண்மையில் கண் ஏமாற்றவில்லை. இரு வண்டிகளுக்கும் இடையே இருந்த நிலை மாறுவதை அது சரியாகவே கண்டது. நகர்ந்தது எது என்று தீர்ப்பதற்காக நாம் தூணைத் தேடினோமே, அங்கேதான் கேள்வி பிறக்கிறது. அத்தூண் அசையாமல் நிற்கிறதென்று நமக்கு யார் சொன்னது? அது பூமியோடு சேர்ந்து விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் கதிரவனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கதிரவனும் நின்ற இடத்தில் நிற்பதில்லை.

ஓர் இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது எதனை அசையாததாக வைத்துக்கொண்டு பேசுகிறோமோ, அதனை இயற்பியலார் சட்டகம் என்பர். நடைமேடை ஒரு சட்டகம்; ஓடும் வண்டி மற்றொரு சட்டகம். எல்லாச் சட்டகங்களுக்கும் மேலாக, உண்மையாகவே அசையாது நிற்கும் ஒன்று எங்கேனும் உண்டா? ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அறிஞர்களை அலைக்கழித்த வினா இது.

இவ்வினாவின் முதற்பாதியைத் தெளிவுற எழுதி வைத்தவர் கலிலேயோ. இரு பெரும் உலக அமைப்புகளைப் பற்றி அவர் எழுதிய உரையாடல் நூல் 1632இல் ஃபுளோரன்ஸ் நகரில் வெளிவந்தது. பூமி சுழல்வது உண்மையானால் கோபுரத்தின் உச்சியிலிருந்து விடப்பட்ட கல் நேர்கீழே விழாமல் பின்தங்கியல்லவா விழ வேண்டும் என்று அக்காலத்தார் கேட்டனர். நியாயமான கேள்விதான், அதை எழுப்பியவர்கள் அறிவிலிகள் அல்லர். அதற்கு மறுமொழியாகக் கலிலேயோ படிப்போரை ஒரு கப்பலின் கீழ்த்தளத்து அறைக்குள் அழைத்துச் செல்கிறார். வெளியே எதுவும் தெரியாத அறை. உள்ளே வண்ணத்துப் பூச்சிகள் பறக்கின்றன. தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன. மேலே தொங்கும் குப்பியிலிருந்து சொட்டும் நீர் கீழுள்ள கலத்தில் விழுகிறது. கப்பல் துறையில் நிற்கும்போது இவற்றை நன்றாகக் கவனியுங்கள். பிறகு கப்பல் ஆட்டமோ அசைவோ இன்றி, மாறாத வேகத்தில் செல்லட்டும். உள்ளே எதுவும் மாறாது. நீர்த்துளி அதே கலத்தில் விழும். மீன்கள் எப்பக்கமும் ஒன்றுபோலவே நீந்தும். கப்பல் நிற்கிறதா, செல்கிறதா என்று அறைக்குள் இருந்தபடி சொல்லவே முடியாது.

மாறாத வேகம், நேரான பாதை என்னும் நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. வேகம் கூடினாலும் குறைந்தாலும் திரும்பினாலும் உடல் உணர்ந்துகொள்ளும். பூமியின் சுழற்சியையும் அவ்வாறே கண்டுவிடலாம். 1851இல் பாரிஸ் நகரின் பாந்தியோன் மண்டபத்தில் ஃபூக்கோ தொங்கவிட்ட நீண்ட ஊசல் அதைக் காட்டிற்று. சீரான நேர்ச்செலவே அறைக்குள் தன்னைக் காட்டிக்கொள்ளாதது.

கப்பலைக் குறித்த வாதத்தை வாதமாகவே விட்டுவிடாமல் கடலில் செய்து பார்த்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பிரான்சு நாட்டுப் பியேர் காசெண்டி 1640இல் மார்செய்ல் துறைமுகத்தருகே, விரைந்து செல்லும் துடுப்புக் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கற்களை விழச் செய்தார். கல் பின்தங்கவில்லை, மரத்தின் அடியிலேயே விழுந்தது. 1642இல் அதை நூலாகவும் வெளியிட்டார். கலிலேயோ தம் உரையாடல் நூலுக்காக உரோமையில் விசாரிக்கப்பட்டு, தம் கருத்தைக் கைவிடுவதாக முழந்தாளிட்டு உறுதி கூறியது 1633இல். காசெண்டி கல்லை விழச் செய்தபோது அவர் வீட்டுக்காவலில் இருந்தார். அவ்விசாரணையில் அக்காலத்து இறையியலார் இழைத்த பிழையை 1992 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் திருப்பீட அறிவியல் கழகத்தின்முன் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு உரையாற்றினார். இச்செய்தி நம்மவர் பலரும் அறிந்ததே. ஆனால் அந்த நூற்றாண்டிலேயே ஒரு குரு கப்பலேறிச் சென்று கல்லை விழச் செய்து பார்த்ததைச் சொல்வார் அரியர்.

இங்கே ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். கப்பலறையை அத்துணை உறுதியாக அடைத்த கலிலேயோவே அதே நூலின் இறுதிப் பகுதியில் அதற்கொரு விரிசல் தேடினார். கடலின் ஏற்றவற்றங்களைப் பூமியின் அசைவுக்குச் சான்றாகக் காட்டினார். அது பிழையாயிற்று, ஏற்றவற்றங்களுக்குக் காரணம் நிலவும் கதிரவனும் என்பது பின்னர் தெளிவாயிற்று. நாம் செல்கிறோம் என்பதற்கு அறைக்குள்ளேயே ஓர் அடையாளம் கிடைத்துவிடாதா என்னும் ஏக்கம் அவரையும் விடவில்லை. பின்வந்தோரையும் அது விடவில்லை. அவர்கள் கண்ட சாளரம் ஒளி.

ஒளிக்கு வேகம் உண்டு என்பதே நெடுங்காலம் ஐயத்திற்கு உரியதாக இருந்தது. வியாழனின் துணைக்கோள் ஒன்று மறைந்து வெளிப்படும் நேரங்களைக் கணித்த டென்மார்க்கு நாட்டு ரோமர், பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அந்நேரங்கள் பிந்துவதைக் கண்டு, ஒளி வந்துசேரக் காலம் பிடிக்கிறது என்று 1676இல் பாரிஸில் அறிவித்தார். பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது அவர் கணக்கு. சரியான அளவு 17 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. 1849இல் ஃபீசோ, சுழலும் பற்சக்கரத்தின் இடுக்கு வழியே ஒளியை அனுப்பி, எட்டரைக் கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் வைத்த கண்ணாடியிலிருந்து திரும்பி வரச் செய்து, மண்ணிலிருந்தபடியே அவ்வேகத்தை அளந்தார். பிறகு மாக்ஸ்வெல், மின்சாரமும் காந்தமும் பற்றிய தம் சமன்பாடுகளிலிருந்தே அந்த வேகம் வெளிப்படுவதைக் கண்டார். ஒளி என்பது மின்காந்த அலை என்பது தெளிவாயிற்று.

அலை என்றால் அலைவதற்கு ஓர் ஊடகம் வேண்டுமல்லவா? ஒலிக்குக் காற்று, கடலலைக்கு நீர். ஒளிக்கு உரிய ஊடகத்தை ஈதர் என்றனர். விண்வெளி முழுதும் நிறைந்து அசையாது நிற்பது அது என்று கருதினர். இதில்தான் சாளரம் திறந்தது. ஈதர் நிற்க, அதனூடே பூமி விரைகிறதென்றால், செல்லும் வண்டியில் முகத்தில் காற்று மோதுவதுபோல் பூமியின்மீது ஈதர்க்காற்று மோத வேண்டும். அக்காற்றை எதிர்த்துச் செல்லும் ஒளி சற்றே தாமதிக்க வேண்டும். அத்தாமதத்தை அளந்துவிட்டால், எல்லாச் சட்டகங்களுக்கும் மேலான அந்த ஒரு சட்டகத்தில் நம் வேகம் இவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

மாக்ஸ்வெல்லுக்கே இவ்வாசை இருந்தது. 1879இல் அமெரிக்கக் கடற்படைப் பஞ்சாங்க அலுவலகத்திற்கு அவர் எழுதிய மடலொன்றில், பூமியில் நின்று இதை அளப்பது இயலாதது என்றும், விளைவு காணவியலாத அளவுக்குச் சிறியது என்றும் குறித்திருந்தார். அதே ஆண்டில் அவர் மறைந்தார். அம்மடலை வாசித்தவர்களுள் ஒருவர் அங்கே பணியாற்றிய இளம் கடற்படை அதிகாரி ஆல்பர்ட் மைக்கேல்சன். இயலாதது என்ற சொல்லே அவரைப் பற்றிக்கொண்டது போலும்.

அவர் கையாண்ட வழியை ஓர் ஆற்றைக் கொண்டு விளக்கலாம். நிலைநீரில் நிமிடத்திற்கு 50 மீட்டர் செல்லும் படகு; நிமிடத்திற்கு 30 மீட்டர் ஓடும் ஆறு. ஒரு படகோட்டி நீரோட்டத்தோடு 400 மீட்டர் சென்று திரும்புகிறான். போக 5 நிமிடம், எதிர்த்து வர 20 நிமிடம், ஆக 25. மற்றொருவன் அதே 400 மீட்டரைக் கரைக்குக் கரை குறுக்கே கடந்து திரும்புகிறான். ஓட்டம் இழுத்துச் செல்லாதபடி படகைச் சாய்த்துச் செலுத்துவதால் அவனுக்குக் கிடைக்கும் வேகம் நிமிடத்திற்கு 40 மீட்டர். ஆக 20 நிமிடம். ஒரே தொலைவு, ஒரே படகு. ஆயினும் ஐந்து நிமிட வேறுபாடு. ஆற்றைப் பார்க்காமலேயே அவ்வேறுபாட்டைக் கொண்டு நீரோட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம். மைக்கேல்சன் ஒளிக்கற்றையொன்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு வழிகளில் அனுப்பித் திரும்பச் சேர்த்தார். சேருமிடத்தில் ஒளியும் இருளுமாக வரிகள் தோன்றும். கருவியைச் சுழற்றினால் ஈதர்க்காற்றை எதிர்க்கும் வழியும் குறுக்கே செல்லும் வழியும் இடம் மாறும். வரிகள் நகர வேண்டும்.

1881இல் பெர்லின் நகரத்து வண்டிகளின் அதிர்வுக்கு அஞ்சிப் போட்ஸ்டாமுக்குக் கருவியைக் கொண்டுசென்று செய்த முதற்சோதனையில் வரிகள் நகரவில்லை. கணக்கிலும் ஒரு பிழை நேர்ந்திருந்தது. பின்னர் அதைப் பிறர் சுட்டிக்காட்டினர். மைக்கேல்சன் விட்டுவிடவில்லை. கிளீவ்லாந்து நகரில் எட்வர்ட் மோர்லி அவருக்குத் துணையாக வாய்த்தார். மோர்லி வேதியியலார், இறையியல் பயின்றவர். இருவரும் பணியைத் தொடங்கிய ஆண்டிலேயே, 1885இல், மைக்கேல்சன் கடும் மனத்தளர்ச்சிக்கு ஆளாகிச் சிகிச்சை பெற நேர்ந்தது. மீண்டு வந்தார். 1886இல் அவரது கல்லூரிக் கட்டடம் தீக்கிரையாயிற்று. பணியை மோர்லியின் கல்லூரி விடுதியொன்றின் நிலவறைக்கு மாற்றினர். ஒன்றரை மீட்டர் சதுரமும் ஓரடிக் கனமும் உள்ள கற்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் கண்ணாடிகளைப் பொருத்தினர். ஒளி முன்னும் பின்னுமாகச் சென்று ஏறத்தாழ 11 மீட்டர் வழியைப் பெற்றது. மெல்லத் தள்ளிவிட்டால் பலகை தானே சுழலும்; ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம். கல்லோடு கூடவே நடந்தபடி, சுற்றின் 16 இடங்களில் வரிகளை நோக்கிக் குறித்தனர்.

எதிர்பார்த்தது எவ்வளவு? 11 மீட்டரில் ஏறத்தாழ இரண்டு கோடி ஒளியலைகள் அடங்கும். அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்றால் அலையொன்றின் ஐந்திலொரு பகுதி. பலகை கால்சுற்றுச் சுழலும்போது அது இருமடங்காகும். ஆக, வரியகலத்தில் பத்தில் நான்கு பங்கு நகர வேண்டும். நூறில் ஒரு பங்கையே கண்டுவிடக்கூடிய கருவி அது. 1887 சூலை 8 முதல் 12 வரை நண்பகலிலும் மாலையிலும் நோக்கினர். எதிர்பார்த்ததில் சிறு பங்குகூட நகரவில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்வதாகத் தம் கட்டுரையில் எழுதினார்கள்; செய்யவில்லை. தோல்வி என்று கருதிய ஒன்றை மீண்டும் மீண்டும் செய்து பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும், கண்டதைக் கண்டபடியே அச்சிட்டார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்விருவர்மேல் மதிப்புக் கூடுகிறது. பிடித்தமான விடை கிடைக்காத இடத்தில் அளவைச் சற்றே திருத்திக்கொள்ளும் சபலம் அறிஞர்க்கும் உண்டு.

அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆலந்தின் லோரன்ட்சும், ஈதரை எதிர்த்துச் செல்லும் பொருள்கள் செல்லும் திசையில் சற்றே சுருங்குகின்றன என்றும், அச்சுருக்கமே தாமதத்தை மறைத்துவிடுகிறது என்றும் கூறினர். ஈதர் இருக்கிறது, ஆனால் தன்னைக் காட்டாதபடி எல்லாவற்றையும் சரிசெய்துகொள்கிறது என்பது இதன் பொருள். சூத்திரங்கள் சரி, மனம் அமையவில்லை.

மைக்கேல்சனின் தோல்வியைக் கண்டு ஐன்ஸ்டைன் சார்பியலைப் படைத்தார் என்று பாடநூல்கள் நேர்க்கோடாகச் சொல்லிவிடுகின்றன. அது அவ்வளவு சரியன்று. 1905இல் அவர் எழுதிய கட்டுரையில் மைக்கேல்சனின் பெயரே இல்லை. ஈதரில் பூமியின் அசைவைக் காண முயன்று தோற்ற முயற்சிகள் என்று பொதுவாக ஒரு குறிப்பு உண்டு, அவ்வளவே. அவர் தொடங்குவது ஒரு காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்டு. காந்தத்தை அசைத்தாலும் சுருளை அசைத்தாலும் கம்பியில் ஓடும் மின்சாரம் ஒன்றே. எனினும் அக்காலத்து இயற்பியல் இரண்டுக்கும் இரு வேறு விளக்கங்கள் தந்தது. விளைவு ஒன்றாயிருக்க விளக்கம் ஏன் இரண்டு? பதினாறு வயதில், ஒளிக்கதிரை அதன் வேகத்திலேயே துரத்திச் சென்றால் உறைந்து நிற்கும் அலையையா காண்போம் என்று அவர் வினவிக்கொண்டதும் உண்டு. அப்படியோர் உறைந்த அலைக்கு மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில் இடமில்லை.

பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயது ஐன்ஸ்டைன் இரண்டை மட்டும் அடிப்படையாகக் கொண்டார். சீராகச் செல்லும் எல்லாச் சட்டகங்களிலும் இயற்கையின் விதிகள் ஒன்றே. அது கலிலேயோவின் கப்பலறை, இம்முறை ஒளியையும் உள்ளடக்கியது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம், அதை வீசும் விளக்கு எப்படிச் சென்றாலும் மாறாது, இது இரண்டாவது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஏற்கத்தக்கவை. சேர்த்துப் பார்த்தாலோ முரண்படுகின்றன. விளக்கை நோக்கி ஓடுபவனும் விலகி ஓடுபவனும் ஒளியின் வேகத்தை விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் என்றே அளப்பார்களா? எப்படி இயலும்?

நண்பர் மிக்கேலே பெசோவோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு வழி தெரிந்தது. ஐந்தாறு வாரங்களில் கட்டுரை முடிந்தது. சூன் 30 அன்று இதழுக்குச் சென்று சேர்ந்தது. அதில் மேற்கோள் நூற்பட்டியல் ஏதுமில்லை. நன்றி பெற்றவர் பெசோ ஒருவரே. முரண்பாட்டின் வேர் ‘ஒரே நேரம்’ என்னும் சொல்லில் இருந்தது.

நீண்ட இரயில் வண்டியின் முன்முனையிலும் பின்முனையிலும் மின்னல் தாக்குகிறது என்க. அவ்விரு இடங்களுக்கும் சரிநடுவே நடைமேடையில் நிற்பவன் இரு ஒளிகளையும் ஒருங்கே காண்கிறான். இரண்டும் ஒரே நேரத்தில் தாக்கின என்கிறான். வண்டியின் சரிநடுவே அமர்ந்திருப்பவள் முன்முனையிலிருந்து வரும் ஒளியை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறாள். அது அவளை முதலில் அடைகிறது. அவள் கணக்கில் இரு முனைகளும் சமதொலைவு. ஒளியின் வேகமும் இருபுறமும் ஒன்றே. ஆகவே முன்முனையில்தான் மின்னல் முதலில் தாக்கியது என்று அவள் முடிவு செய்தே ஆக வேண்டும். யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும். தொலைவிலுள்ள இரு நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தவை என்று எல்லாச் சட்டகங்களுக்கும் பொதுவாகச் சொல்ல வழியில்லை. பிரபஞ்சம் முழுமைக்கும் பொதுவான ‘இப்போது’ ஒன்று உண்டு என்று மனிதர் கேட்காமலேயே நம்பி வந்தனர்; ஒளியின் வேகம் மாறாதது என்பதற்கு நாம் கொடுத்த விலை அதுவே. காலமும் நீளமும் சட்டகத்திற்கு ஏற்ப வேறுபடுமானால் வேகங்களைக் கூட்டும் பழைய கணக்கும் மாறும், முரண் தீர்ந்துவிடும்.

ஆனால் காரணத்திற்கு முன்னே காரியம் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நிகழ்ச்சியிலிருந்து மற்றொன்றுக்கு ஒளி சென்றுசேரக் காலம் இருந்ததென்றால், அவற்றின் முன்பின் வரிசை எல்லாச் சட்டகங்களிலும் ஒன்றுதான். மேடைகளில் சிலர், எல்லாம் சார்புடையதே என்று ஐன்ஸ்டைன் நிறுவிவிட்டார், எனவே உண்மையும் ஒழுக்கமும் ஆளுக்கொன்று என்று முழங்கக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அக்கட்டுரையின் தலைப்பைக்கூடப் பார்த்தவர்கள் அல்லர். இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியலைப் பற்றியது என்பதே அதன் தலைப்பு; சார்பியல் என்னும் பெயர் பின்னால் வந்தது. அதன் உயிர்நாடி, மாறாதது எது என்று கண்டதே.

சான்றுகள் பின்னர் குவிந்தன. வானுயரத்தில் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு மேல் விண்கதிர்களால் பிறக்கும் மியூவான் என்னும் துகளின் வாழ்நாள் சராசரி விநாடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கே. ஒளிவேகத்தில் சென்றாலும் எழுநூறு மீட்டர் தாண்டுவதற்குள் சிதைந்திருக்க வேண்டும். எனினும் அவை தரையை எட்டுகின்றன. நம் சட்டகத்தில் அவற்றின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அவற்றின் சட்டகத்திலோ நம் காற்றுமண்டலம் மெலிந்து சுருங்கியிருக்கிறது. கணக்குகள் வேறு, தரையை எட்டுவது என்னும் நிகழ்ச்சி ஒன்றே. 1971இல் ஹாஃபலேயும் கீட்டிங்கும் அணுக்கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து, புவியீர்ப்பின் விளைவையும் சேர்த்துக் கணித்த வேறுபாட்டையே கண்டனர். மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர்க்கு வேகத்தால் மட்டும் நேரும் வேறுபாடு, ஒரு மணி நேரத்தில் விநாடியின் நூறு கோடியில் ஒன்றரைப் பங்கு. நாம் இத்தனை காலம் அறியாதிருந்ததில் வியப்பில்லை.

மைக்கேல்சன் 1907இல் நோபல் பரிசு பெற்றார். அது அவரது நுண்ணிய ஒளியியல் கருவிகளுக்காக. ஈதரின்மேல் அவர் கொண்ட பற்றோ இறுதிவரை அகலவில்லை. 1931 சனவரியில் கலிபோர்னியாவின் பாசடேனா நகரில் நடந்த விருந்தில் ஐன்ஸ்டைன் அவர் முன்னிலையில் அவரது பணியைப் போற்றிப் பேசினார். தம் சோதனையிலிருந்து எழுந்த கொள்கைகள் மைக்கேல்சனுக்கு உவப்பாக இல்லை என்பதை ஐன்ஸ்டைன் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. அந்த நாள்களிலும் முதியவர் ஓய்ந்திருக்கவில்லை. சாண்டா ஆனா என்னும் ஊரருகே ஒரு மைல் நீளக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி, அதனுள் ஒளியின் வேகத்தை மறுபடியும் அளக்கத் தொடங்கியிருந்தார். மே 9 அன்று, 78 வயதில், அளவு முடியுமுன்னே இறந்தார். உடன் பணியாற்றிய பீஸும் பியர்சனும் முடித்து 1935இல் வெளியிட்டனர்: விநாடிக்கு 2,99,774 கிலோமீட்டர். இன்று நாம் கொள்ளும் அளவுக்கு 18 கிலோமீட்டரே குறைவு. 1983இல், ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர் என்று வரையறுத்துவிட்டனர். அவர் ஐம்பது ஆண்டுகள் அளந்துகொண்டிருந்த அந்த எண்ணை அதன்பின் அளப்பார் இல்லை. அதைக் கொண்டே மற்றவற்றை அளக்கின்றனர்.